நேரில் விசாரித்தேன்

உறையின் மேல் சிவப்பு மையில் ‘பார்லிமென்ட் கேள்வி’ என்று எழுதியிருந்தால், சித்தூர் கலெக்டர் ஆபீஸில் எங்கள் தேர்தல் பிரிவுப் பக்கம் டீக்காரர்கூடத் தலைகாட்ட மாட்டார். டெல்லியில் மூன்று வாரத்துக்கு முன்பே புறப்பட்ட கேள்வியாக இருக்கும். அமைச்சகம், தேர்தல் கமிஷன், ஹைதராபாத் என்று ஒவ்வொரு மேஜையிலும் உட்கார்ந்து இளைப்பாறிவிட்டு எங்களிடம் வரும்போது மூன்று நாள்தான் மிச்சம் இருக்கும். மேலே இருப்பவர்கள் தூங்கின நாட்களுக்கும் சேர்த்து நாங்கள் ஓடவேண்டும்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் ஒரு போன். போன மாதம் அதே பிரிவில் வேலை பார்க்கிற பெண் ஒருத்தி கூப்பிட்டாள். வாக்காளர் பட்டியலில் பெயர் நீக்க இப்போது செல்போனிலேயே செயலி வந்துவிட்டதாம். ‘காரணம்’ என்ற கட்டத்தைத் தொட்டால் இறந்தவர், குடிபெயர்ந்தவர் என்று வரிசையாக வருமாம். ஒன்றைத் தொட்டால் வேலை முடிந்தது. “உங்க காலத்துல எப்படி மேடம் பண்ணீங்க?” என்று கேட்டாள். “கையெழுத்துப் போட்டுத்தான்” என்று சொல்லி வைத்துவிட்டேன். அது பாதி பதில். மீதியை அவளிடம் சொல்லத் தைரியம் வரவில்லை.

என் பெயர் கிரேஸ். சித்தூர் மிஷன் காம்பவுண்டுக்குள் பிறந்து வளர்ந்த தமிழ்க் கிறிஸ்தவப் பெண். வீட்டிலும் சபையிலும் தமிழ், பள்ளிக்கூடத்திலும் ஆபீஸிலும் தெலுங்கு. சர்வேயராக இருந்த கணவர் இறந்துபோனதும் கருணை அடிப்படையில் கிடைத்த வேலை. தெலுங்கு டைப்பிங், இலாகா பரீட்சைகள், காய்ச்சல் வந்தால் மாறி மாறி வருகிற இரண்டு பிள்ளைகள். முதல் எட்டு வருஷத்தைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான் இருக்கிறது. டெபுடி தாசில்தாராக ரிடையர் ஆனேன். நான் சொல்லப்போகிற காரியம் நடக்காமல் இருந்திருந்தால் இன்னும் ஒரு படி ஏறியிருப்பேன்.

என் சூப்பரிண்டெண்ட் சேஷய்யா கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை. அதனாலேயே அவரைக் கண்டால் எல்லோருக்கும் நடுக்கம். நாம் எழுதிக் கொடுத்த வரைவின் மேல் ஒரு மர ரூலரை வைத்து, வரி வரியாக இறக்கிக்கொண்டே வாசிப்பார். ‘சில’ என்று எழுதியிருந்தால் ரூலர் நின்றுவிடும். “கொன்னி அண்டே என்னி?” என்பார். சில என்றால் எத்தனை? எத்தனை என்று சொல்ல வேண்டும். தெரியாது என்றால் தாளைத் திருப்பிக் கொடுப்பார். ஒரு வார்த்தை திட்டமாட்டார்.

பார்லிமென்டில் மந்திரி பதில் வாசித்ததும், கேட்ட உறுப்பினர் எழுந்து துணைக்கேள்வி போடலாம். என்ன கேட்பார் என்று முன்கூட்டியே யூகித்து அதற்கும் நாங்கள் குறிப்பு அனுப்ப வேண்டும். சேஷய்யா அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். எதிரே நாற்காலியைக் காட்டி, “நேனு மெம்பர், நுவ்வு மந்திரி” என்பார். அவர் எதிர்க்கட்சி உறுப்பினர், நான் மந்திரி. அவர் கேட்கக் கேட்க நான் பதில் சொல்லவேண்டும். எங்கே தடுமாறுகிறேனோ அங்கேதான் குறிப்பு வேண்டும் என்று அர்த்தம். சித்தூரில் பழைய ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து எத்தனையோ தடவை மந்திரியாக இருந்திருக்கிறேன். சம்பளம் மட்டும் ஏறவில்லை.

அந்தத் திங்கட்கிழமை வந்த உறையைப் பிரித்தது நான்தான். எதிர்க்கட்சி எம்.பி. ஒருவருடைய கேள்வி. வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்குச் சபையில் வருகிறது. வேலைக்காக வெளியூர் போன உயிருள்ள வாக்காளர்களை, இறந்தவர்கள் என்று பட்டியலிலிருந்து நீக்கியது அரசுக்குத் தெரியுமா? தெரியும் என்றால் விவரம் என்ன? பொறுப்பான ஊழியர்கள் மேல் என்ன நடவடிக்கை? சம்பந்தப்பட்டவருக்கு நோட்டீஸ் கொடுக்காமல் பெயரை அடிக்கக்கூடாது என்று தேர்தல் சட்டத்தைத் திருத்தும் எண்ணம் உண்டா? உதாரணத்துக்கு ஒரு ஊரின் பெயரும் கொடுத்திருந்தார். நகரியைத் தாண்டி, பேசிக்கொண்டே நடந்தால் தமிழ்நாட்டுக்குள் போய்விடுகிற ஓர் எல்லைக் கிராமம்.

ஊர்ப் பெயரை இரண்டாம் தடவை படித்துவிட்டு உறையைக் கவிழ்த்து வைத்தேன்.

பங்குனியில் அங்கே வீடு வீடாகப் பட்டியல் திருத்தம் நடந்தது. கணக்கெடுக்கப் போனவர் கோஸ்தா எனப்படும் கடலோர ஆந்திராவிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்த ஒரு பள்ளி ஆசிரியர். அவர் எழுதினதைச் சரிபார்க்கிற மேற்பார்வையாளராக என்னைப் போட்டிருந்தார்கள். பெயர் நீக்கின வீடுகளுக்கு மேற்பார்வையாளர் மறுபடியும் நேரில் போகவேண்டும் என்பது விதி. அந்த வாரம் எனக்கு இலாகா பரீட்சை. நான் போகவில்லை. காலனித் தெருவில் ஏழு பெயர்களுக்கு எதிரே ‘ம்ருதி’, அதாவது இறப்பு, என்று ஆசிரியர் எழுதியிருந்ததற்குக் கீழே ‘நேரில் விசாரித்தேன், சரி’ என்று தெலுங்கில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பரீட்சைக்குப் படிக்கப் போனேன். ஏழு பேரும் நாற்பது வயதுக்குக் கீழே உள்ள ஆண்கள். ஒரே தெருவில் இரண்டு மாதத்தில் ஏழு வாலிபர்கள் செத்திருந்தால் சுகாதார இலாகா ஜீப் வந்து நின்றிருக்காதா? வயதுக் கட்டத்தை ஒரு தடவை பார்த்திருந்தாலே போதும். பார்க்கவில்லை.

சேஷய்யாவிடம் இதைச் சொல்லவும் இல்லை. வேலை போனால் பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வேன் என்பதுதான் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அவர் கேள்வியை ரூலர் வைத்துப் படித்துவிட்டு, “கிரேஸம்மா, அரவம் தெலிசினதி நுவ்வே கதா” என்றார். தமிழ் தெரிந்தவள் நீதானே. நாளைக்குப் போய் ஏழு வீட்டிலும் விசாரித்துக்கொண்டு வா. செத்தவர்கள் செத்தவர்கள்தான் என்றால் பதில் ஒரே வரி, “ப்ரஸ்ன உத்பன்னம் காது.” கேள்வியே எழவில்லை. அந்த வரிதான் எங்கள் இலாகாவின் ஜெபம்.

செவ்வாய்க்கிழமை காலை போனேன். நூல் விலை ஏறி நகரி பவர்லூம்கள் படுத்துவிட்ட வருஷங்கள் அவை. பெங்களூரிலோ தெருவுக்குத் தெரு கட்டிடம் எழும்பிக்கொண்டிருந்தது. காலனியில் தறிக்கூலிக்கும் கழனிக்கூலிக்கும் போய்க்கொண்டிருந்த ஆண்கள் பாதிப்பேர் அங்கே போயிருந்தார்கள். முதல் வீட்டு வாசலில் சிமென்ட் வெடிப்பு ஓடின கையோடு ஒருவர் நின்றிருந்தார்.

“முனிரத்தினம் வீடு இதானே?”

“ஆமா மேடம். நான்தான் செத்துப்போன முனிரத்தினம்” என்றார்.

எம்.பி.க்கு மனுக் கொடுத்தவர் அவர்தான். இரண்டு நாள் லீவு சொல்லிவிட்டுப் பெங்களூரிலிருந்து வந்திருந்தார். பின்னாலேயே அவர் மனைவி செல்வி வந்தாள். ஆசிரியர் வந்தபோது என்ன சொன்னாய் என்று அவளைக் கேட்டேன்.

“அய்யவாரு தெலுங்குல கேட்டாரு மேடம், உங்க வூட்டுக்காரரு எங்கன்னு. எனக்குத் தெரிஞ்ச தெலுங்குல ‘போயாரு சார்’னேன். வேலைக்குப் பூட்டாருன்னுதானே அர்த்தம்? எப்போன்னாரு. ரெண்டு மாசமாச்சின்னேன். ‘அய்யோ பாபம், பிள்ளைங்க எத்தினி’ன்னாரு. புருசன் ஊர்ல இல்லாத பொம்பளைன்னு எரக்கப்படறாரு, நல்ல மனுசன்னு நெனச்சிக்கினு மோர் குடுத்தேன். வாங்கிக் குடிக்கக்கூட இல்ல, எழுந்து பூட்டாரு. நெத்தியில பொட்டு வச்சிக்கினுதான மேடம் நின்னேன்? நிமிந்து பாத்தாத்தானே!”

எனக்கு அப்போதுதான் புரிந்தது. எங்கள் சித்தூர்ப் பக்கத்துத் தெலுங்கில் யார் எங்கே போனாலும் ‘போயினாரு’, ‘போயாரு’தான். ஆசிரியர் ஊர்ப் பக்கம் வேலைக்குப் போனவரை ‘வெள்ளாரு’ என்பார்கள். ‘போயாரு’ என்றால் அங்கே ஒரே ஓர் இடத்துக்குத்தான் போக முடியும். அந்த மனிதர் தெரு முழுக்க வீடு வீடாகத் துக்கம் விசாரித்திருக்கிறார். ஒரு வீட்டில்கூட மோர் குடிக்கவில்லை.

சிரிப்பு வந்தது. முனிரத்தினம் சிரிக்கவில்லை.

“நா கூலிக்காரன் மேடம். பெங்களூர்ல எங்க வேலையோ அங்கியே துன்னு அங்கியே படுத்துக்கினு கீறேன். அந்த ஊர்ல எந்த லிஸ்ட்லயும் எம்பேரு கெடயாது. இந்த ஊர்ல இந்த ஒரு லிஸ்ட்லதான் இருந்துச்சி. அதுலயும் சாவடிச்சிட்டா நா எந்த ஊருக்காரன்? யாரு மேடம் அது, நேர்ல விசாரிச்சேன்னு கையெழுத்துப் போட்டது?”

“பார்த்துச் சொல்றேன்” என்றேன். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்தப் பதிலை நினைத்தால் எனக்கு உடம்பு கூசுகிறது.

மற்ற வீடுகளிலும் அதே கதைதான். ஐந்து வீட்டில் பெங்களூரிலிருந்து வந்த கடிதத்தையோ மணியார்டர் துண்டையோ காட்டினார்கள். தெருக்கோடியில் கடைசி வீட்டில் கன்னியம்மா என்ற பெண் வாசலுக்கு வந்து, “பூட்டாரு மேடம்” என்றாள். எப்போது என்றேன். “தை மாசம்” என்றவள் உள்ளே போய்விட்டாள். நெற்றியில் பொட்டு இருந்தது. நான் ஏழாவது பெயருக்கும் ‘உயிருடன்’ என்று டிக் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு ஆபீஸில் சேஷய்யா நாற்காலியைக் காட்டினார். நான் மந்திரியாக உட்கார்ந்தேன். அவர் பேசியது தெலுங்கு, இங்கே தமிழில் எழுதுகிறேன்.

“மந்திரி அவர்களே, அந்த ஏழு பேர் இறந்துபோனார்கள் என்று முடிவு செய்தது யார்?”

“கணக்கெடுத்த ஆசிரியர் எழுதினார். மேற்பார்வையாளர் சரிபார்த்தார்.”

“அந்த மேற்பார்வையாளர் ஏழு வீட்டுக்கும் நேரில் போனாரா?”

எதிரே இருந்தவர் சேஷய்யா இல்லை, நிஜமாகவே எதிர்க்கட்சிதான் என்று தோன்றியது.

“போகலை சார்.”

“மந்திரிக்கு அது எப்படித் தெரியும்?”

“போகாதது நான்தான் சார்.”

சேஷய்யா ரூலரை மேஜையில் வைத்தார். தம்ளரில் இருந்த தண்ணீரை முழுக்கக் குடித்தார். பியூன் ஒருவர் எதையோ கொண்டுவந்து வைக்க வந்தவர், எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். எனக்கு அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன். பிறகு ஊரில் கேட்டதையெல்லாம் சொன்னேன். ‘போயாரு’ என்ற சொல்லைக் கேட்டதும் அவர் கண்ணை மூடித் தலையாட்டினார். அவர் இந்த ஜில்லாக்காரர், விளக்க வேண்டியிருக்கவில்லை.

“எழுது” என்றார்.

எழுதினேன். ஏழு பெயர்கள் தவறாக நீக்கப்பட்டன, மேற்பார்வையாளர் நேரில் விசாரிக்கவில்லை, தவறு சரிசெய்யப்படும். ரூலர் மூன்றாவது வாக்கியத்தில் நின்றது. ‘சரிசெய்யப்படும்’ என்பதை அடித்துவிட்டு மேலே ‘சரிசெய்யப்பட்டது’ என்று எழுதினார்.

“சார், இன்னும் செய்யலையே.”

“ஆமாம். இப்போது இது பொய். ‘செய்யப்படும்’ என்று எழுதினால் டெல்லியில் கேட்டு மறந்துவிடுவார்கள், அந்த ஏழு பேர் அடுத்த திருத்தம்வரை செத்தவர்கள்தான். ‘செய்யப்பட்டது’ என்று எழுதினால் மந்திரி வாயைத் திறப்பதற்குள் செய்தாகவேண்டும். இல்லையென்றால் சபையில் பொய் சொன்னதாக ஆகும். உன் வேலையோடு என் வேலையும் போகும். நாளைக்குக் காலையில் கிளம்பு. ஒவ்வொரு வீட்டிலும் புதிதாக விசாரித்து ரிப்போர்ட் எழுது. பட்டியலுக்குப் பொறுப்பான ஆர்.டி.ஓ. கையெழுத்துப் போட்டால் பெயர் திரும்பிவிடும். அவரும் கலெக்டரும் நாளைக்குத் திருப்பதியில் முகாம். அங்கேயே வாங்கி அங்கிருந்தே ஹைதராபாத்துக்கு ஃபாக்ஸ் போடு.”

புதன்கிழமை மறுபடியும் அந்தத் தெரு. ஒவ்வொரு வீட்டுத் திண்ணையிலும் உட்கார்ந்து, கேட்டு, எழுதி, கைநாட்டோ கையெழுத்தோ வாங்கினேன். ஆறு வீடு முடிவதற்குள் பன்னிரண்டரை. கடைசி வீடு பூட்டியிருந்தது. ஒரு மணி பஸ்ஸை விட்டால் அடுத்தது நான்கு மணிக்கு. அதில் போனால் திருப்பதியில் அதிகாரிகளைப் பிடிக்க முடியாது.

“கன்னியம்மா களையெடுக்கப் போய்க்கீது மேடம். கூட்டாரட்டுமா? அரை மணி ஆவும்” என்றார் முனிரத்தினம்.

“வேணாம். நேத்தே பேசிட்டேன்” என்றேன்.

பஸ்ஸில் மடியில் வைத்து ஏழாவது ரிப்போர்ட்டை எழுதினேன். பெங்களூருக்கு வேலைக்குச் சென்றுள்ளார், உயிருடன் உள்ளார், நேரில் விசாரித்தேன். கையெழுத்து. புத்தூரில் நாராயணவனம் கோயிலில் கல்யாணம் முடித்த கூட்டம் ஒன்று சீர்வரிசைப் பாத்திரங்களோடு ஏறியது. மாப்பிள்ளையின் சித்தப்பாவுக்கு இடம் பிடிப்பதில் சண்டை வந்து பஸ் இருபது நிமிஷம் நின்றது. அந்தச் சித்தப்பாவை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. திருப்பதியில் ஆர்.டி.ஓ. ஒரு பெரிய மனிதரை மலைக்கு அனுப்பிவைக்கக் காரருகே நின்றிருந்தார். கார் பானட்டின் மேலேயே ஏழு தாளையும் வைத்துக் கையெழுத்து வாங்கினேன். பதிலில் கலெக்டர் கையெழுத்து விருந்தினர் மாளிகை வராந்தாவில். ஃபாக்ஸில் காகிதம் இரண்டு தடவை சிக்கியது. மூன்றாவது தடவை ஆறு மணிக்குப் போனது.

வியாழன் பதினொரு மணிக்கு, கலெக்டரைப் பார்க்க வருகிறவர்கள் காத்திருக்கும் அறையில் இருந்த டிவி முன்னால் நானும் சேஷய்யாவும் நின்றுகொண்டே இருந்தோம். ஒரு கேள்விக்கு இரைச்சல், இன்னொரு கேள்விக்கு அதைவிட இரைச்சல். பன்னிரண்டு அடித்தது, கேள்வி நேரம் முடிந்தது. எங்கள் கேள்வியின் எண் வரவே இல்லை. எழுத்தில் கொடுத்த பதிலைச் சபையில் வைத்ததாக எடுத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். அந்தக் கூட்டத்தொடரிலேயே தேர்தல் சீர்திருத்த விவாதம் வந்தபோது அந்த எம்.பி. எழுந்து, நோட்டீஸ் இல்லாமல் பெயரை அடிக்காதீர்கள் என்று பேசினாராம். பரிசீலிக்கப்படும் என்றாராம் மந்திரி. மந்திரிக்கு ஒரு சேஷய்யா இருந்திருந்தால் அந்த வரியையும் திருத்தியிருப்பார்.

எனக்கு மெமோ கொடுத்ததும் சேஷய்யாதான். ரூலர் வைத்து வரி வரியாகத் தானே எழுதினார். சர்வீஸ் ரிஜிஸ்டரில் கண்டனம் ஏறியது, பதவி உயர்வு தள்ளிப்போனது. வேலை தப்பியது. ஏழு பேருக்கு உயிர் கொடுத்ததாக நினைத்து உள்ளூர எனக்குப் பெருமைகூட இருந்தது.

ஒரு மாதம் கழித்துக் கன்னியம்மா ஆபீஸுக்கு வந்தாள். சித்தூருக்கு வந்தது அதுவே முதல் தடவை என்றாள்.

“ஸ்கூல் செவுத்துல லிஸ்ட் ஒட்டிக்கீறாங்க மேடம். எம் புருசன் பேரு கீதாம். உசுரோட கீறாருன்னு நீங்க விசாரிச்சி எழுதிக்கீறீங்கன்னு முனிரத்தினம் அண்ணன் சொல்லிச்சி.”

“ஆமாம்மா.”

“எங்க மேடம் கீறாரு?”

எனக்குக் கேள்வி விளங்கவில்லை. அவளே சொன்னாள். தை மாதம் ஒரு மேஸ்திரியோடு பெங்களூர் போனவர் பத்து நாளில் அவனை விட்டுவிட்டு எங்கோ போய்விட்டார். அதற்குப் பிறகு கடிதம் இல்லை, ஆள் இல்லை. ரயிலில் பார்த்தேன் என்றார் ஒருவர். ஆஸ்பத்திரியில் யாரோ அடையாளம் தெரியாத ஆள் கிடந்தார் என்றார் இன்னொருவர். ஆசிரியர் கேட்டபோது ‘போயாரு’ என்றும், நான் கேட்டபோது ‘பூட்டாரு’ என்றும் சொன்னாள். அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அவளுடைய தெலுங்கை ஆசிரியர் தப்பாக எடுத்துக்கொண்டார் என்று சிரித்த நான், அவளுடைய தமிழை என்ன செய்தேன்?

“சர்க்காரு தேடிக் கண்டுபுட்ச்சிருச்சின்னு நெனச்சேன் மேடம். அட்ரஸ் குடுத்தா நானே போயி இட்டாந்துடுவேன்.”

பக்கத்து மேஜையில் வாசித்துக்கொண்டிருந்த சேஷய்யா தலை நிமிரவில்லை. ஆனால் ரூலர் நின்றுவிட்டது.

“எனக்குத் தெரியாதும்மா. உன்னைக் கேக்காமலேயே எழுதிட்டேன். பஸ்ஸுக்கு நேரமாச்சின்னு” என்றேன். ஒரு கேள்விக்கு அதற்கு முன்னால் நான் அவ்வளவு நேராகப் பதில் சொன்னதில்லை.

“செத்துட்டாருன்னும் தெரியாதா?”

“அதுவும் தெரியாது.”

“அப்போ அடிச்சிடாதீங்க மேடம். அப்பிடியே கெடக்கட்டும்.”

விதிப்படி அடித்திருக்க வேண்டும். நான் அடிக்கவில்லை. அந்தப் பிரிவில் இருந்தவரை ஒவ்வொரு திருத்தத்தின்போதும் அந்தத் தெருக்கோடி வீட்டுக்கு நானே போனேன். பூட்டியிருந்தால் களத்துமேட்டுக்குப் போய்ப் பார்த்தேன். “வந்தாரா?” என்பேன். “இல்ல மேடம்” என்பாள். மோர் கொடுப்பாள், குடிப்பேன். ‘நேரில் விசாரித்தேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, முடிவு என்ற கட்டத்தைக் காலியாக விடுவேன். சேஷய்யாவின் ரூலர் ஒவ்வொரு தடவையும் அந்தக் கட்டத்தில் ஒரு கணம் நின்று, பிறகு இறங்கிப் போகும்.

அந்தச் செயலியில் அப்படிக் காலியாக விட முடியுமா என்று போனில் கேட்கத் தோன்றவில்லை. நாளைக்கு அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்கவேண்டும்.